சைக்கிளையும் ஓட்டுவோம், ஆளையும் ஓட்டுவோம்: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழில் 'ஓட்டுவது' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. சைக்கிளை ஓட்டலாம், பக்கத்தில் வருகிறவனையும் ஓட்டலாம். எங்கள் விடிகாலைக் கூட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். புதிதாக வருபவர்கள் முதல் நாள் மிரண்டுபோகிறார்கள். இரண்டாம் நாள் மெதுவாக என் பக்கத்தில் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளும், மூச்சு வாங்க நான் சொன்ன பதில்களும்தான் இவை. மூச்சு வாங்கியதை மட்டும் எடுத்துவிட்டேன்.

என்னுடையது பழைய சைக்கிள். வேகமும் கிடையாது. வரலாமா?

தாராளமாக. பிரேக் பிடிக்க வேண்டும். ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும், ஹேண்டில்பாரில் தொங்கக் கூடாது. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. விழும்போது திறந்த குழாய் முனை உடம்பில் வட்டமாக வெட்டிவிடும்.

வருவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "பின்தங்கினா காத்திருப்பீங்களா, போய்க்கிட்டே இருப்பீங்களா?" இரண்டு வகைக் குழுவும் உண்டு. இரண்டிலும் தப்பில்லை, முன்னாடியே தெரிந்தால் சரி.

அப்புறம், 'சராசரி வேகம் 25' என்று சொன்னால் 25-ல் ஓட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்னல், திருப்பம், ஏற்றம் எல்லாம் சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும். சமதளத்தில் அந்தக் கூட்டம் 28, 30 என்றுதான் போய்க்கொண்டிருக்கும்.

"இன்னிக்கு மெதுவாத்தான் போறோம்" என்கிறார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். சைக்கிள்காரர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் அவர்கள் பேசுவதற்குத் தனி அகராதி வேண்டும். "ஒரு வாரமா சைக்கிளையே தொடல" என்றால் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் மாட்டி மிதிக்கும் கருவியில்) தினமும் ஒரு மணி நேரம் மிதித்திருக்கிறார். "கால் வலிக்குது" என்றால் இன்னும் பத்து நிமிடத்தில் உங்களை முந்தப்போகிறார். "சின்ன ஏற்றம்தான்" என்பது வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் விடுவது. "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அதைச் சொன்னது யார் என்று கேளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு ஏற்றத்தின் அடியிலும், "தம்பிங்களா, நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்பார். உச்சியில் போய்ப் பார்த்தால் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எப்போது முந்தினார் என்று யாருக்கும் தெரியாது.

ஏன் ஒருவர் பின்னால் ஒருவர் இப்படி ஒட்டிக்கொண்டு போகிறார்கள்?

எல்லாம் காற்றுக்காக. சமதளத்தில் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகும்போது உங்கள் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. அதுவும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30-லிருந்து 33-க்குப் போக வேகம் பத்து சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் காற்றுக்காகக் கொடுக்க வேண்டிய திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. "கொஞ்சம்தானே ஏத்தினேன்" என்று முன்னால் இருப்பவன் சொல்லும்போது பின்னால் இருப்பவர்களுக்கு ஏன் நாக்கு தள்ளுகிறது என்பது இப்போது புரியும்.

இன்னொருவரின் சக்கரத்துக்குப் பின்னால் நெருங்கி வந்தால், சுமார் கால் பங்கோ அதற்கு மேலோ மிச்சமாகும். அதனால்தான் முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் முன்னால் போய் 'இழுக்கிறோம்'. முறை முடிந்ததும் ஒதுங்கிப் பின்னால் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். முன்னால் வரவே மாட்டேன் என்று கடைசி வரை சக்கரம் பிடித்தே வருகிறவருக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். மரியாதையானவை: அட்டை, ஸ்டிக்கர், டிரெய்லர். மற்றவற்றை எழுத முடியாது.

ஆனால் புதியவரையோ உடம்பு சரியில்லாதவரையோ யாரும் அட்டை என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பட்டம், 50 கி.மீ. பின்னால் ஒளிந்து வந்துவிட்டு கடைசி 200 மீட்டரில் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாய்கிறவருக்கு மட்டும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் முன்சக்கரம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் இருக்கவே கூடாது. அவர் ஒரு சாண் விலகினாலும் சக்கரங்கள் உரசும், விழுவது பின்னால் இருக்கும் நீங்கள்தான். அவருக்கு எதுவும் ஆகாது, திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ரோட்டில் ஏதேதோ கத்துகிறார்களே, என்ன அது?

பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு முதுகும் ஒரு சக்கரமும்தான். அதனால் முன்னால் இருப்பவர் கண்ணாக இருக்க வேண்டும். "குழி!", "கல்லு!", "மண்ணு!", "பின்னாடி வண்டி!", "நிக்குறோம்!" என்று கத்துவதோடு, குழி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் கையைக் கீழே நீட்டிக் காட்டுவோம். வழியில் நிற்கும் வண்டியைச் சுற்றிப் போவதற்கு, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், விலக வேண்டிய பக்கம் அசைப்போம். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் இருப்பவருக்கு அதை அப்படியே கடத்த வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் கேலி செய்யலாம், இதை மட்டும் கூடாது. ஒருமுறை ஒரு தம்பி விளையாட்டுக்கு "குழி!" என்று கத்தினான். அவன் பின்னால் ஆறு பேர் விலகினார்கள், ஒருவர் மண்ணில் இறங்கிவிட்டார். யாரும் விழவில்லை. அடுத்த அரை மணி நேரம் யாரும் அவனோடு பேசவும் இல்லை. வாயே மூடாத கூட்டம் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

'அரைச்சக்கரம்' என்று ஒருவரைத் திட்டினார்கள். அப்படியென்றால்?

இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போகும்போது, ஒருவர் மட்டும் எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருப்பார். நீங்கள் சமமாக வருவதற்குக் கொஞ்சம் மிதித்தால் அவரும் கொஞ்சம் மிதிப்பார். அவருக்கே தெரியாமல் செய்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

கிளிப் பெடல் போடப் பயமாக இருக்கிறது. விழுந்துவிடுவேனா?

விழுவீர்கள். எல்லோரும் விழுந்தவர்கள்தான்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஷூவை மாட்டுகிற பெடலுக்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர். மாட்டுகிறோம், அப்புறம் என்ன 'லெஸ்' என்று கேட்காதவர் இல்லை. முன்பெல்லாம் பெடலில் கூண்டு போல ஒன்று இருந்தது. அதற்குள் காலை நுழைத்துப் பட்டையால் இறுக்குவார்கள். அந்தக் கூண்டுதான் கிளிப். அது இல்லாத பெடல் என்பதால் இந்தப் பெயர். 1984-இல் லுக் நிறுவனம் பனிச்சறுக்குக் காலணிப் பூட்டின் உத்தியை இதற்குக் கொண்டுவந்தது. 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு, மூன்று வாரம் ஓடும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதற்குப் பிறகு கூண்டு மெல்ல மறைந்தது.

இனி விழுவதைப் பற்றி. யாரும் வேகத்தில் விழுவதில்லை. சிக்னலில் நிற்கும்போதுதான். சைக்கிள் நின்றுவிடும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோகும், காலை நேராக மேலே இழுப்பீர்கள், வராது. அப்போது உலகம் மிக நிதானமாகச் சாயத் தொடங்கும். நான் விழுந்தபோது பக்கத்து வண்டியில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, "தூக்கி விடவா சார்?" என்று கேட்கும் அளவுக்கு நேரம் இருந்தது. "வேணாம் சார், பழக்கம்தான்" என்று படுத்தபடியே சொன்னேன்.

ஒரு யோசனை. வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஐம்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள். பெடலில் இருக்கும் திருகைத் தளர்த்தி வைத்தால் எளிதாகக் கழலும். நிற்பதற்கு இருபது மீட்டர் முன்பே ஒரு காலை விடுவித்துவிடுங்கள். விடுவித்த பக்கமே சாயுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம்.

பஞ்சர் ஆனால் எல்லோரும் நிற்பார்களா?

நிற்பார்கள். உதவி ஒருவர் செய்வார், கருத்து பதினொரு பேர் சொல்வார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தில் நேரம் வைப்பார். பஞ்சர் ஆனவருக்கே அது தெரியாததுபோல, "காத்து போயிடுச்சா?" என்று இன்னொருவர் கேட்பார்.

உங்கள் பையில் ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லிவர், ஒரு பம்ப் இருக்க வேண்டும். டியூபின் அளவு உங்கள் டயருக்குப் பொருந்த வேண்டும், வால்வின் நீளம் ரிம்முக்குப் பொருந்த வேண்டும். ரிம் உயரமாக இருந்து வால்வு குட்டையாக இருந்தால் பம்பை மாட்ட இடமே இருக்காது. அதை ரோட்டோரத்தில் வைத்துக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன்.

செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கோட்டைவிடுவது அதில்தான். பழைய டியூபைக் கழற்றியதும் புதியதை மாட்ட அவசரப்படாதீர்கள். டயரின் உள்பக்கம் விரல் நுனியால் மெதுவாக, ஒரு முழுச் சுற்று, தடவுங்கள். முள்ளோ கம்பித் துண்டோ இன்னும் அங்கேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கிடைக்கவில்லை என்றால், பழைய டியூபில் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்விலிருந்து அதே தொலைவில் டயரைத் தேடுங்கள். இப்படித் தேட வேண்டும் என்பதற்காகவே சிலர் டயரில் இருக்கும் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவார்கள். அழகுக்காக என்று நினைத்திருந்தேன். அழகுக்கும்தான். கடைசியாக, புதிய டியூபில் இரண்டு அடி காற்றடித்து, உருண்டை வடிவம் வந்ததும் உள்ளே வையுங்கள். முறுக்கிக்கொள்ளாது, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்காது.

முள்ளை எடுக்காமல் புதிய டியூபை மாட்டி, 300 மீட்டரில் மறுபடி இறங்கினால், அந்தக் கதை உங்கள் பேரன் காலம் வரை ஓடும்.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்? கல் மாதிரி இருந்தால்தான் வேகம் வருமா?

அது பழைய நம்பிக்கை. ஒரு காலத்தில் 23 மி.மீ. டயரில் 100, 120 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று அடித்துக்கொண்டு பல் ஆட ஓட்டினோம். உண்மையான ரோடு கண்ணாடி கிடையாது. டயர் கல்லாக இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளும் நீங்களும் சேர்ந்து எகிறுவீர்கள், அதில் சக்தி வீணாகும். இப்போது போட்டிக்காரர்களே 28, 30 மி.மீ. போடுகிறார்கள். 70 கிலோ ஆள் 28 மி.மீ. டயரில் 70 பிஎஸ்ஐ-க்கு அக்கம்பக்கத்தில் தொடங்கலாம். அங்கிருந்து உங்கள் எடைக்கும் ரோட்டுக்கும் தக்கபடி ஏற்றி இறக்குங்கள். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் ('ஹூக்லெஸ்') என்றால் உச்சமே 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. கிளம்புவதற்கு முன் கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்துத் தலையாட்டுவது ஒரு சடங்கு. அதனால் எதுவும் தெரியாது. நானும் செய்வேன்.

எடை குறைந்த சைக்கிள் வாங்கினால் ஏற்றத்தில் வேகம் கூடுமா?

கூடும், நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. சர்வதேசச் சைக்கிள் சங்கமான யுசிஐ 2000-ஆம் ஆண்டிலிருந்து போட்டி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அந்த விதி நமக்கு இல்லை, ஆனால் அதற்குக் கீழே போவதில் ஆசை உண்டு. ஒரு நண்பர் எடை குறைப்பதற்காகத் திருகுகளை டைட்டானியத்தில் மாற்றினார். மொத்தமாக ஒரு கைப்பிடி கிராம் குறைந்திருக்கும். பிறகு 750 மி.லி. தண்ணீர் பாட்டில் இரண்டை மாட்டினார். ஒன்றரைக் கிலோ. "அண்ணே, தண்ணியையும் டைட்டானியத்துல வாங்கியிருக்கலாம்" என்று ஒருவன் சொன்னான். அதிலிருந்து அவர் பெயர் டைட்டானியம் அண்ணன்.

எத்தனை சைக்கிள் வைத்திருக்கலாம்?

இப்போது இருப்பதைவிட ஒன்று கூடுதலாக. கேட்டவர் வீட்டில் ஒருவராக இருந்தால்: "இது பழசுதான், இப்பதான் கழுவினேன்."

கால் முடியை ஏன் மழிக்கிறார்கள்?

விழுந்தால் காயத்தைக் கழுவிக் கட்டுப் போடுவது சுலபம், மசாஜ் செய்வதும் சுலபம். இவை சொல்லப்படும் காரணங்கள். பக்கத்தில் இருப்பவர் மழித்திருக்கிறார் என்பது சொல்லப்படாத காரணம்.

பிப் ஷார்ட்ஸுக்குள் (தோள்பட்டியும் உள்ளே மெத்தையும் உள்ள சைக்கிள் கால்சட்டை) உள்ளாடை போடலாமா?

கூடாது. அந்தத் தையல் விளிம்புதான் தோலைத் தேய்க்கும். முதல் நாள் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மறுநாள் நின்றபடியே வேலை பார்த்தார்கள்.

60 கி.மீ. நன்றாக ஓட்டினேன். திடீரென்று காலில் உயிரே இல்லை. என்ன ஆனது?

எரிபொருள் தீர்ந்தது. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன், வேகமாக மிதித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காலியாகும். அது தீர்ந்த ஆளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முதலில் பேச்சு நிற்கும். கலாய்த்தால் சிரிக்க மாட்டார், திருப்பியும் சொல்ல மாட்டார். அப்புறம் சக்கரம் லேசாக அலையும்.

எங்கள் கூட்டத்தின் உண்மையான மருத்துவப் பரிசோதனை இதுதான்: கேலிக்குப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் வேகத்தைக் குறைத்து, அவரை நடுவில் விட்டு, வாயில் சர்க்கரை போடுவோம்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் ரைடில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசி எடுத்த பிறகு தின்றால் தாமதம். முதல் மணி நேரத்திலேயே தொடங்குங்கள்.

ஆப்பில் பதிவு செய்யாவிட்டால் என்ன?

ரைடு நடந்திருக்கும், ஆனால் சாட்சி கிடையாது. 2009-இல் ரைடைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் வந்ததிலிருந்து ஒவ்வொரு ரோட்டுத் துண்டுக்கும் ஒரு ராஜா இருக்கிறார், அதை மிக வேகமாகக் கடந்தவர். அந்தப் பட்டத்துக்காக ஒருவர், பின்காற்று எப்போது வீசும் என்று வானிலையைப் பார்த்து விடுப்பு எடுத்ததை நான் அறிவேன். 99.6 கி.மீ.-இல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டு, தெருவையே சுற்றிச் சுற்றி நூறாக்கியவர்களும் உண்டு. சிரிக்கிறீர்களா? ஒரு மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

இவ்வளவு வினாடிக் கணக்குத் தேவையா?

1989 டூர் டி பிரான்ஸைச் சொல்லித்தான் எல்லோரும் வாதாடுவார்கள். கடைசி நாள், 24.5 கி.மீ. தனிநபர் ஓட்டம், ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடுவது. லோரன் ஃபினியோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். கிரெக் லெமாண்ட் கைகளை முன்னால் நீட்டி வைக்கும் ஏரோ பாரோடு வந்தார். ஃபினியோன் ஹெல்மெட் இல்லாமல், குதிரைவால் பறக்க ஓட்டினார். லெமாண்ட் அன்றைக்கு அவரைவிட 58 வினாடி வேகமாக முடித்து, டூரையே வென்றார். 3,200 கி.மீ.-க்கு மேல் ஓடி, 8 வினாடியில் முடிந்தது.

எங்கள் கூட்டத்தில் முடி வளர்க்கிறவர் யாராக இருந்தாலும், "எட்டு செகண்டு, ஞாபகம் வச்சுக்க" என்று ஒரு குரல் வரும்.

வேகமே வேண்டாம், தூரம் போக ஆசை. வழி உண்டா?

உண்டு. ப்ரெவே என்று பெயர். போட்டி இல்லை, பரிசு இல்லை, நேரக்கெடு மட்டும்: 200 கி.மீ.-க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இதன் பெரிய திருவிழா. 1891-இல் தொடங்கியது, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். இதில் பழகியவர்கள் அமைதியானவர்கள். அவர்களைக் கலாய்த்தால் பதில் வரும், ஆனால் அடுத்த ஊர் தாண்டிய பிறகு வரும்.

நான் எப்போதும் கடைசியாகத்தான் வருகிறேன். என்னை வைத்துக் கிண்டல் செய்வார்களா?

கடைசியாக வருவதற்காகச் செய்ய மாட்டார்கள். டூர் டி பிரான்ஸில் கடைசி இடத்துக்கே 'சிவப்பு விளக்கு' என்று பெயர் உண்டு, ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கை வைத்து. அந்த இடத்தைப் பிடிக்கவும் பாரிஸ் வரை வர வேண்டும்.

எங்களிடம் எழுதாத ஒரு கணக்கு இருக்கிறது. சைக்கிளைக் கிண்டல் செய்யலாம், சொல்கிற சாக்குப்போக்கைக் கிண்டல் செய்யலாம், புதிய ஜெர்சியின் நிறத்தைக் கட்டாயம் செய்யலாம். உடம்பையும் வேகத்தையும் தொடக் கூடாது, அவரே தொடங்கினால் ஒழிய. புதியவரை முதல் மூன்று ரைடுகளுக்கு யாரும் ஓட்ட மாட்டார்கள். நான்காவது ரைடில் யாராவது உங்கள் ஷூவின் நிறத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால், சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

காத்திருக்கும்போது ஒன்று கவனித்தேன். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எல்லோரும் உடனே கிளம்பிவிடுகிறார்கள்.

ஆமாம், அது எங்கள் மேல் உள்ள நியாயமான குற்றச்சாட்டு. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஓய்வு, அதிகம் களைத்தவருக்கு ஓய்வே இல்லை. இப்போது கடைசியாக வருகிறவர்தான் "போலாம்" என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சென்ற வாரம் ஒருவர் நிதானமாக வந்து, தண்ணீர் குடித்து, ஷூவைக் கழற்றி மாட்டி, நாலு போட்டோ எடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

நாளைக்கு எத்தனை மணிக்கு?

ஐந்தரை. ஐந்தரை என்றால் சக்கரம் உருளும் நேரம், நீங்கள் எழுந்திருக்கும் நேரம் இல்லை. காற்றை இன்றிரவே அடித்து வைத்துவிடுங்கள். மெதுவாத்தான் போறோம்.